கார்னெட் பையின் உள்துணி

என் வலது கட்டைவிரலுக்கு ஆம்பூரில் ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. தோல் ஷாப்பில் பதனிட்டு வரும் தோல்களைத் தரம் பிரிப்பது என் வேலை. தோலை மடக்கி, விரலால் அழுத்தி, திருப்பிப் போட்டுச் சதைப் பக்கத்தைப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்வேன். நான் சொன்னால் சொன்னதுதான். முதலாளியே மறுத்துப் பேச மாட்டார். இரண்டு வியாபாரிகளுக்குள் ஒரு தோலைப் பற்றித் தகராறு வந்தால், என்னைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு இத்தனை மரியாதை கிடைத்தால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? வந்தது. அது எனக்கு மட்டும் கெடுதல் செய்துவிட்டுப் போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அதே ஷாப்பில், தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டையை எடைபோட்டு இறக்கும் வேலையில் என் சிநேகிதன் இருந்தான். நான் கிறிஸ்தவன், அவன் முஸ்லிம். இருவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் பேண்டு செட்டில் அவன் கார்னெட் ஊதுவான். பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கிய பழைய பித்தளைக் கார்னெட். மூன்று பிஸ்டன்களும் அவன் விரலுக்கென்றே செய்தவைபோல் இறங்கி ஏறும். ஆனால் பகலெல்லாம் பட்டைத் தூசியில் நின்று நின்று அவனுக்கு இருமல் வந்துவிட்டது. ஊதுகிறவனுக்கு மூச்சுதானே எல்லாம். இன்னும் சில வருஷம் இதே வேலையில் இருந்தால் கார்னெட்டைப் பரணில் போட வேண்டியதுதான் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் வேலூரில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அவன் ஊதியதை ஒரு சர்க்கஸ் கம்பெனியின் பேண்டு மாஸ்டர் கேட்டிருக்கிறார். கோவாக்காரர். "ரம்ஜான் பெருநாளுக்கு மறுநாள் அரக்கோணத்துக்கு வா. எங்கள் கொட்டகை அங்கேதான் இருக்கும். ஊதிக் காட்டு. பிடித்தால் கூடவே அழைத்துப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூடவே, சர்க்கஸ்காரர்களுக்கு இன்று ரயில், நாளை மாட்டு வண்டி, அதனால் வாத்தியத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டு வராதே, உறுதியான பை ஒன்று வாங்கு என்றும் சொன்னாராம்.

அவன் துண்டில்தான் சுற்றிக்கொண்டிருந்தான். கார்னெட்டோடு வந்த மரப்பெட்டியைக் கரையான் தின்று பல நாளாகியிருந்தது. பை வாங்க வேண்டும் என்றதும் நேராக என்னிடம் வந்தான்.

"வேலூர்ல கித்தான் பை ஒண்ணு பாத்தேன். கெட்டியாத்தான் கீது. இல்லாங்காட்டி தகரப்பெட்டி அடிச்சிடலாமா? நீ இன்னா சொல்றே?"

"ஆம்பூர்ல பொறந்துட்டு கித்தான் பை தூக்கிட்டுப் போவியா? மானம் போய்டும். தகரத்துல வச்சா ரயிலு ஆடுற ஆட்டத்துக்கு உள்ளயே இடிச்சி நசுங்கிப் போய்டும். பேசாம இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். ஷாப்பில் அப்போதுதான் குழியிலிருந்து ஏறி, கடுக்காய்த் தண்ணீர் கண்டு, எண்ணெய் பூசிக் கிடந்த எருமைத் தோல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கும் அந்தத் தோலை நினைத்தால் கை ஊறுகிறது. அத்தனை கெட்டி, அத்தனை ஒரே சீரான தடிமன். ஓரத்தில் மட்டும் உண்ணி கடித்த தழும்பு மூன்று, பக்கத்தில் பக்கத்தில், அடுப்புக் கல் வைத்தமாதிரி. முதலாளியிடம் சொல்லி வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் ஜட்கா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குதிரைச் சேணம் தைப்பவரிடம் போய், கார்னெட் வைக்கப் பை வேண்டும் என்று அளவைச் சொன்னேன். அவருக்கு நாற்பது வயதிருக்கும். அவரும் அவர் மனைவியும் ஒரு கீற்றுக் கொட்டகையில் வேலை செய்வார்கள். அவர் தோலில் ஊசி போடுவார், அந்த அம்மாள் நூலுக்கு மெழுகு போட்டுக் கொடுப்பாள். ஊரில் இருந்த ஜட்காக்காரர்கள் எல்லோரும் அவர் வாடிக்கைதான்.

அவர் தோலை முகர்ந்து பார்த்தார். கையால் தடவினார்.

"தோலு அருமையான தோலு சார். ஆனா ஈரம் போவல. ஒரு மாசம் காத்துல கெடக்கட்டும், அப்புறம் தைக்கறேன்."

"நோம்பு மாசம் வாத்தியத்த எடுத்து வைக்கணும். அதுக்குள்ள வேணும்."

"அப்படின்னா உள்ள துணி வச்சித் தச்சிடறேன். பித்தளைக்கும் கடுக்காய்க்கும் ஆவாது சார். இங்க பாருங்க." தொங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய சேணத்தை இழுத்துக் காட்டினார். பித்தளைப் பக்கிள் பளபளவென்று இருந்தது. தோலில் படும் இடத்தில் மட்டும் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. "வாரத்துக்கு ஒருதரம் தொடச்சிக்கினே இருக்கணும். தொடக்கலன்னா பக்கிளு ஒட்டிக்கும்."

கண்ணெதிரே இருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ துணி ஒட்டியிருந்தால், சதைப் பக்கத்தில் ஏதோ வெட்டு, ஏதோ ஓட்டை, அதை மறைக்கத்தான் துணி என்பது எங்கள் கணக்கு. முதல் தரத் தோலைத் திறந்துதான் வைப்பார்கள். பார்க்கிறவன் உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டும். நான் பொறுக்கிய தோலுக்குத் துணி போட்டு மூடுவதா? எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"நான் பொறுக்கின தோலு இது. இதுக்குத் துணி கேட்குதா? நீ தையி, போதும்" என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை நீ என்றுதான் சொன்னேன்.

நாலைந்து நாள் கழித்துப் போனபோது அவர் இல்லை. ஏதோ ஒரு குதிரைக்கு அளவெடுக்கப் போயிருந்தார். அந்த அம்மாள்தான் பையை எடுத்துக் கொடுத்தாள். பை அழகாக இருந்தது. இரட்டைத் தையல், தோளில் மாட்ட அகலமான வார், அடியில் தேயாமல் இருக்க இன்னொரு மடிப்பு. வாங்கிக்கொண்டு பாதி வழி வந்து, சதைப் பக்கத்தைப் பார்க்க ஆசையாகத் திறந்தேன். உள்ளே ஒரு துணிப்பை இருந்தது. பழைய வேட்டியை நாலாக மடித்துத் தைத்தது. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல், கார்னெட்டின் அளவுக்கு. வாயில் சிவப்புப் புடவைக்கரையைக் கிழித்து ஓரம் தைத்துச் சுருக்குக் கயிறும் போட்டிருந்தது. தோலோடு சேர்த்துத் தைக்கவில்லை. நான் வேண்டாம் என்றதால், தனியாகச் செய்து உள்ளே வைத்திருந்தார்கள்.

என் பேச்சைத் தட்டிவிட்டானே என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை வெளியே இழுத்து என் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். வெறும் தோல் பையைக் கொண்டுபோய் சிநேகிதனிடம் கொடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்துவிட்டு, "யப்பா, இது நம்ம ரெண்டு பேரையும் பொதைச்சப்புறமும் கெடக்கும்டா" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துணிப்பையை வீட்டில் போட்டேன். கெட்டியான பையாக இருக்கிறதே என்று என் மனைவி அதில் துவரம்பருப்பைக் கொட்டி அடுப்பங்கரையில் மாட்டிக்கொண்டாள்.

நோன்பு மாதம் அவன் வீட்டில் வாத்தியச் சத்தம் கூடாது. அவன் அம்மா அதில் கண்டிப்பு. அந்த மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் கல்யாணமும் இல்லை என்பதால் பேண்டு செட்டுக்கும் அநேகமாக ஓய்வு. அதனால் வழக்கம்போல் கார்னெட்டைத் துடைத்து, பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டு, மினுமினுக்க வைத்து, என் பைக்குள் போட்டு வாரை இறுக்கிக் கட்டிவிட்டான். மவுத்பீஸை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாலாற்றங்கரையில் நடக்கும்போது உதட்டில் வைத்து ஊதிப் பழகினான். அந்த வருஷம் கார்த்திகை மழையும் நோன்பும் சேர்ந்து வந்தன. வீட்டுச் சுவரெல்லாம் ஓதம். ஒரு மாதம் முழுக்க அந்தப் பை ஆணியில் தொங்கியது. யாரும் திறக்கவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் விடிந்ததும் இருவரும் பாசஞ்சர் ஏறினோம். பையை மடியில் வைத்துக்கொண்டு, காட்பாடி தாண்டும்வரை தடவிக்கொண்டே வந்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர் பையைத் தொட்டுப் பார்த்து, "எங்க வாங்கினது?" என்று கேட்டார். அவன் என்னைக் காட்டினான். ரயிலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி நான் அந்தத் தோலின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அரக்கோணத்தில் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில், கொஞ்சம் ஊதிப் பார்த்துக்கொண்டு உள்ளே போகலாம் என்று பையைத் திறந்தான். அப்படியே நின்றுவிட்டான். கார்னெட் பச்சையாக இருந்தது. வாயகன்ற பக்கம் முழுக்கக் களிம்பு பூத்திருந்தது. பிஸ்டன் தலைகளைச் சுற்றியும் பச்சை. முதல் பிஸ்டன் பாதி இறங்கி நின்றது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. கடையில் மண்ணெண்ணெய் வாங்கி ஊற்றினோம். வேட்டி முனையால் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க அவன் விரல்கள் பச்சையாயின. அதற்குள் பேண்டு மாஸ்டரே வெளியே வந்துவிட்டார்.

வேறு வாத்தியம் கொடுங்கள், ஊதிக் காட்டுகிறேன் என்று இவன் கெஞ்சினான். அவர் கார்னெட்டைக் கையில் வாங்கி ஒருமுறை பார்த்தார். "சொந்த வாத்தியத்தை இப்படி வச்சிருக்கிறவன் கையில கம்பெனி வாத்தியத்தை எப்படிக் குடுக்கறது? போ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். ஒரு ஸ்வரம்கூட ஊதவில்லை.

திரும்பி வரும்போது அவன் முக்கால் வழிவரை பேசவில்லை. குடியாத்தம் வந்தபோது, "எப்பிடிடா இப்பிடி ஆச்சு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குக் காரணம் முழுசாகத் தெரியும். அந்தப் பக்கிள் என் கண் முன்னாலேயே நின்றது. ஆனால் என் வாய் கொஞ்சமும் கூசாமல், "அந்த ஆளு தோலை மாத்திட்டான் போலக்கீது. என் தோல வச்சிக்கினு வேற ஏதோ சரியாப் பதமாவாத தோலப் போட்டுத் தச்சிட்டான்" என்றது.

தோலை மாற்றிவிட்டான் என்பது எங்கள் ஊரில் சின்னப் பேச்சில்லை. ஜட்காக்காரன் தன் தோலைத்தான் கொண்டுவந்து கொடுத்துச் சேணம் தைக்கச் சொல்வான். அதை மாற்றுகிறவனிடம் யார் கொடுப்பான்? இது தெரிந்துதான் சொன்னேனா, பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேனா என்று இத்தனை காலம் யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரிந்துதான் சொன்னேன்.

ஆம்பூரில் இறங்கியதும் அவன் நேராக ஜட்கா ஸ்டாண்டுக்கு நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். பையை அந்தச் சேணக்காரர் முன்னால் எறிந்து, "எம் பொழப்பையே கெடுத்துட்டியே!" என்று கத்தினான். ஜட்காக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர் நிதானமாக எழுந்து, பையைத் தூசி தட்டி எடுத்து, என்னிடம் நீட்டினார்.

"சார், ஒங்க தோலு ஒங்களுக்குத் தெரியாதா? தொட்டுப் பாத்து நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

தொட்டேன். எல்லோரும் என் கட்டைவிரலையே பார்த்தார்கள். வாரின் அடியில் உண்ணிக்கடித் தழும்பு மூன்றும் விரலில் நெருடின. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் அது என் தோல் என்று சொல்லியிருப்பேன்.

"இது என் தோலு இல்ல" என்றேன்.

அவர் பையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "உள்ள துணிப்பை வச்சிருந்தா இப்பிடி ஆயிருக்காதே. அது எங்க?" என்றார்.

"இன்னா துணிப்பை? அப்பிடி ஒண்ணும் இல்ல" என்றான் என் சிநேகிதன். அவன் பொய் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ரயில்வே கேட்டைப் பார்த்தேன். உடனே அவர் கொட்டகைக்குள் திரும்பி மனைவியைக் கேட்டார்.

"வச்சியா இல்லியாடி?"

"வச்சேனே. உள்ள வச்சிதானே குடுத்தேன்."

"வச்சா எங்க போவும்? காலு மொளச்சிப் போச்சா?"

அத்தனை பேர் முன்னால் அந்த அம்மாளை அவர் ஏசினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தேன். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? சிரித்திருப்பார்கள். சிநேகிதன் ஒரு அறை விட்டிருப்பான். கட்டைவிரலின் பெயர் கொஞ்சம் கெட்டிருக்கும். அதைக் காப்பாற்றத்தான் இத்தனையும். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அந்தத் தை மாதம் முடிவதற்குள் ஜட்காக்காரர்கள் ஒவ்வொருவராக வாணியம்பாடிக்குப் போய்த் தைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். மாசியில் கொட்டகை காலியாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்று பயம்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. சிநேகிதன் பட்டையை எடைபோட்டுக்கொண்டே இருமினான். கார்னெட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து பழையபடி கல்யாணங்களுக்கு ஊதினான். ஆனால் முன்போல் நீள மூச்சு இல்லை. தோல் பை வேண்டாம் என்று என்னிடமே கொடுத்துவிட்டான். என்மேல் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருந்தும் சொல்லவில்லை.

ஒருநாள் அவன் வீட்டில் விருந்தாளி வந்து பருப்புத் தீர்ந்துபோனதால் என் வீட்டுக்கு வந்தான். அடுப்பங்கரைக்குள் அவன் வந்ததே இல்லை. அன்று என் மனைவி பருப்புப் பையை வாசலுக்கே எடுத்து வந்து, "அண்ணே, பாத்திரத்தைப் பிடிங்க" என்று கவிழ்க்கப் போனாள். அவன் பாத்திரத்தைப் பிடிக்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அகல முனை, குறுகல் முனை, சிவப்புக் கரை. அதை வாங்கி, அகலமான பக்கத்தில் முஷ்டியை விட்டுப் பார்த்தான். கார்னெட்டின் வாய் எங்கே உட்காரும் என்பது அவன் கைக்குத் தெரியாதா?

"இது ஏதுடா?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. பாதிப் பருப்போடு இருந்த பையை என் கையில் திணித்தான்.

"அந்த ஆளு சோளிங்கர்ல கீறாரு. ஜட்காக்காரங்க சொன்னாங்க. மொதல்ல அங்க போ. அப்புறம் எங்கிட்ட வா."

பருப்பைக் கொட்டிவிட்டு, துவைக்கக்கூட இல்லாமல், மறுநாளே போனேன். சோளிங்கரில் மலைக்குப் போகிற ஜனங்களை ஏற்றும் வண்டிகள் நிற்குமிடத்தில், வேறொருவர் கடை ஓரத்தில் உட்கார்ந்து அவர் அறுந்த வார்களை ஒட்டுப்போட்டுக் கொண்டிருந்தார். கூலிக்கு. பின்னால் அந்த அம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து நூலுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த வாத்தியம் இப்ப நல்லா ஊதுதா?"

"ஊதுது."

"அன்னிக்கு ஒங்க தோலு இல்லன்னு சொல்லிட்டீங்க. எனக்கு வருத்தந்தான். ஆனா கோவத்துல பாத்தா யாருக்கும் கண்ணு தப்பும் சார். எனக்கே தப்பியிருக்கு. ஒங்க மேல தப்பு இல்ல." குரலைக் குறைக்காமல் தலையைப் பின்பக்கம் ஆட்டினார். "எல்லாம் இவளால வந்தது. துணிப்பையத் தச்சி உள்ள வச்சிக் குடுன்னு சொன்னேன். வைக்காம வுட்டுட்டு, வச்சேன் வச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறா. மூணு வருஷமா நான் இவ கையில வாங்கித் திங்கறதில்ல. நானே போட்டுக்கறேன்."

அவள் திரும்பவில்லை. பல தடவை கேட்ட பேச்சு போலிருக்கிறது. மெழுகு நூலில் ஓடிக்கொண்டே இருந்தது.

என் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அவங்க வச்சிருந்தாங்க. நான்தான் வழியில எடுத்துட்டேன். தோலும் என்னுதுதான். அன்னிக்குத் தொட்டப்பவே தெரியும்" என்றேன். அழக்கூடாது என்று வந்தவன் அழுதுவிட்டேன்.

அவர் அதைப் பார்த்தார். என் அழுகையைக் கவனிக்கவில்லை. அதை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டாள். உள்ளை வெளியாகத் திருப்பி, தன் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தாள். அடியெல்லாம் மஞ்சள் பிடித்திருந்தது. பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதுல இன்னா வச்சிருந்தீங்க?"

"துவரம்பருப்பு" என்றேன்.

அவள் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி நூலுக்கு மெழுகு போட ஆரம்பித்தாள்.